கயிற்றின் மேல் குற்றமில்லை

ராட்டினத்தில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடை ராட்டினம் சுற்றிப் பிழைக்கிறவன் அதில் ஏறி ஆடிக் களித்துத்தான் அந்தத் தொழிலுக்கு வந்திருப்பான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் ஒரே ஒரு தடவை ஏறினேன். இறங்கியதும் நடுக்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, காலையில் குடித்த கஞ்சியை அங்கேயே கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு சுற்றுவதோடு சரி.

துபாஷி ஐயா, இதையும் துரைக்குச் சொல்லுங்கள். சிரிக்கிறார் பாருங்கள். சிரிக்கட்டும். தோள்பட்டையில் கட்டுப் போட்டிருக்கும்போது சிரித்தால் வலிக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் பெயர் எத்திராசு. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பம். போன வாரம் இதே அறையில் என்னை விசாரித்தீர்கள். என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி ரங்கன், கோட்டைக்கு எதிரே ராட்டினத்திலிருந்து தூக்கி எறியப்பட்டுச் செத்துப்போனான். எதிர் இருக்கையில் இருந்த துரைக்குத் தோள் இறங்கிவிட்டது. கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டீர்கள். தற்செயலாக நடந்தது என்று முடிவு கட்டி என்னை வீட்டுக்கு அனுப்பினீர்கள். நானும் கும்பிட்டுவிட்டுப் போனேன். அந்த முடிவில் என்னைப் பற்றிச் சொல்லியிருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இன்று யாரும் கூப்பிடாமல் வந்ததற்குக் காரணம் வேறு. ராட்டினத்தைச் சுற்றிய கயிற்றை நாளைக் காலையில் படகுத் துறையில் போட்டுக் கொளுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கயிறு போட்டுச் சுற்றினால் நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது, அதனால்தான் ஆள் செத்தான், இனிமேல் கம்பெனி எல்லைக்குள் எவனும் ராட்டினத்தைக் கயிறு போட்டுச் சுற்றக்கூடாது என்று தீர்ப்பாம். அது தப்பு. தப்பைத் தப்பு என்று சொல்ல ஆள் வேண்டும். அதற்குத்தான் வந்தேன்.

கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் எல்லாம் விளங்கிவிடும்.

எங்கள் குடை ராட்டினம் மரம் விற்கிற அபூபக்கர் மரைக்காயருடையது. நடுவில் ஒரு கம்பம். அதன் உச்சியில் குடைக்கம்பி மாதிரி எட்டு மரக்கைகள். ஒவ்வொரு கையிலிருந்தும் ஒரு பொம்மை தொங்கும். குதிரை, யானை, அன்னம், மீன் என்று. கம்பத்தின் அடியில், அதோடு சேர்ந்து சுற்றுகிற மாதிரி ஒரு பெரிய மர உருளை. இந்த உருளையை எப்படித் திருப்புவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏறுகிறவர்கள் குதிரைக்கு என்ன வர்ணம் என்றுதான் பார்ப்பார்கள். உருளையை யாரும் பார்ப்பதில்லை.

திருப்புவதற்கு நான் பார்த்தவரையில் மூன்று வழி.

முதல் வழி, தள்ளுவது. உருளையில் நான்கு கழிகளைச் செருகி, நான்கு ஆட்கள் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி நடப்பார்கள். இதில் ஒரு நல்லது உண்டு. ஆள் நடந்தால் நடக்கும், நின்றால் நிற்கும். நடுவில் எந்தச் சாமானும் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. கெட்டது என்னவென்றால், தள்ளுகிறவன் வைக்கிற ஒவ்வொரு அடியும் மேலே உட்கார்ந்திருப்பவனின் முதுகெலும்பில் போய் விழும். தள்ளுகிறவனுக்கு விக்கல் எடுத்தால் குதிரைக்கும் விக்கல் எடுக்கும். சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒருவன் தள்ள வந்தான், இடது கால் கொஞ்சம் குட்டை. அவன் இருந்த மட்டும் எங்கள் ராட்டினம் நொண்டிக்கொண்டுதான் சுற்றியது. அந்தத் தள்ளுவேலை நானும் நிறையச் செய்திருக்கிறேன். தோளில் காய்ப்பு இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

இரண்டாவது வழி, ரங்கனுடையது. அவன் உங்கள் கோட்டையின் மருந்து ஆலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன். வெடிமருந்து அரைக்கிற கல்லை அங்கே எப்படிச் சுற்றுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தான். கைப்பிடி போட்ட ஒரு சக்கரம், அதற்கும் உருளைக்கும் நடுவே ஒரு சின்னச் சக்கரம். சின்னச் சக்கரத்தின் மேல் மாட்டுத்தோல் சுற்றியிருக்கும். இது அதை உரசும், அது உருளையை உரசும், ராட்டினம் சுற்றும். ரங்கன் இதைச் செய்து காட்டியபோது நான்தான் முதலில் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். இல்லாததைச் சொல்ல மாட்டேன். ஒரே ஆள் போதும். இரண்டு சுற்றில் முழு வேகம் பிடித்துவிடும், எட்டு பொம்மையிலும் தடி தடியாக ஆட்கள் உட்கார்ந்திருந்தாலும் திணறாது. ஆனால் உரசுகிறதல்லவா, அந்த உரசல் சத்தம் மரத்துக்குள் ஏறி, கம்பம் வழியாகப் போய், கை வழியாக இறங்கி, உட்கார்ந்திருப்பவனின் பல்லில் வந்து நிற்கும். ராத்திரி அழுத்தியபடியே விட்டுவிட்டால் தோல் ஓரிடத்தில் சப்பையாகிவிடும். மறுநாள் முழுக்கத் தடக், தடக் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். விரல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். இதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது வழி, கயிறு. இது என்னுடையது.

கைப்பிடிச் சக்கரத்தைத் தூரத்தில் வைத்துவிட வேண்டும். இருபது முப்பது அடி தள்ளி, ஒரு தென்னந்தட்டிக்குப் பின்னால். அங்கிருந்து ஒரே வளையமாக ஒரு பருத்திக் கயிறு உருளை வரைக்கும் போய்த் திரும்பி வரும். சக்கரம் கயிற்றை இழுக்கும், கயிறு உருளையை இழுக்கும். கயிற்றில் முடிச்சு இருக்கக்கூடாது. முடிச்சு இருந்தால் அது உருளையைத் தொடும்போதெல்லாம் ஒரு குதி குதிக்கும். பெருவலைக் கயிற்றைச் சேர்க்கிற மாதிரி இழையைப் பிரித்து, இழைக்குள் இழை நுழைத்துப் பின்ன வேண்டும். எங்கே சேர்ந்தது என்று கண்ணால் பார்த்தாலும் தெரியாது, விரலால் தடவினாலும் தெரியாது. துரை அந்தக் கயிற்றைக் கொளுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை தடவிப் பார்க்கட்டும்.

இதற்கும் குறை உண்டு, நானே சொல்கிறேன். வேகம் பிடிக்க நேரமாகும். கடற்காற்றின் ஈரத்தில் கயிறு இறுகும், மேல்காற்று அடித்துக் காய்ந்தால் தளர்ந்து வழுக்கும். பொழுதுக்கும் அதன் மேல் ஒரு கண் வேண்டும். ஆனால் ஒன்று. கயிறு நடுக்கத்தைக் கடத்தாது. என் கை நடுங்கினாலும், எனக்கு விக்கல் எடுத்தாலும், அது கயிற்றிலேயே கரைந்துவிடும். அங்கே உட்கார்ந்திருப்பவனுக்கு ராட்டினத்தை யாரோ சுற்றுகிறார்கள் என்பதே தெரியாது. அதே மாதிரி அங்கே நடப்பதும் இங்கே வராது. அவன் பயந்தாலும் அழுதாலும் என் கைக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் கயிற்றின் சிறப்பு. முழுச் சிறப்பும் அதுதான்.

திருப்பாலைவனத்துத் திருவிழாவில் மரைக்காயர் மூன்றையும் ஒரே நாளில் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். காலையில் தள்ளு, மதியம் ரங்கன் சக்கரம், பொழுது சாய்கிற நேரத்தில் என் கயிறு. மீன் கூடைக்காரி வேலம்மாவை ஏற்றினோம். அவள் கூழ்ச் சட்டியோடு வந்திருந்தாள், சட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு குதிரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது என்று.

தள்ளியபோது கூழ் புடவையில் கொட்டியது.

"இன்னாய்யா இது, ஆட்டுக்கல்லு மேல குந்தின மாரி கீது" என்றாள்.

மதியம் ரங்கன் சக்கரத்தில் சிந்தவில்லை. ஆனால் கூழின் மேல் படிந்த ஏடு நடுங்கிக்கொண்டே இருந்தது. பல் கூசுகிறது என்று பாதியிலேயே இறங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் நான் சுற்றினேன். வேகம் பிடிக்க நேரமானது, பிடித்தது. சட்டியில் கூழ் அசையவில்லை. சட்டி விளிம்பில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது, அதுகூட எழுந்திருக்கவில்லை. வேலம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்:

"யோவ் எத்திராசு, சுத்துதா நிக்குதா?"

எல்லோரும் ரங்கனைப் பார்த்தார்கள். ராட்டினம் நின்றதும் அவன் கிட்டே போனான், சட்டிக்குள் எட்டிப் பார்த்தான், ஒரு விரலை விட்டு எடுத்து நக்கினான்.

"கூழு கெட்டி மாமா. அதான் சிந்தல."

நல்ல சிரிப்பு. வேலம்மா குதிரை மேலிருந்தபடியே சிரித்தாள். மரைக்காயர் தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவன் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். காலையில் கரைத்த கூழ் சாயங்காலத்துக்குள் இறுகத்தான் செய்யும். அதை யோசித்துப் பார்க்காதவன் இல்லை நான்.

அதிலிருந்து இது ஒரு பழக்கமாகிப் போனது. ஏரிக்கரையில் வலை காய வைக்கிறவன் என்னைப் பார்த்தால் "கூழு கெட்டியா மாமா?" என்பான். படகில் போகிறவன் துடுப்பைத் தூக்கிக் கேட்பான். ஒரு நாள் என் மனைவி எல்லம்மா எனக்குக் கூழ் ஊற்றும்போது, "தண்ணி வுட்டுக்கிறியா, கெட்டியாவே குடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் விடச் சொன்னேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை என்று காட்டத்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

கம்பெனிக் கப்பல் வந்த கொண்டாட்டத்துக்குக் கோட்டைக்கு எதிர்த் திடலில் ராட்டினம் போட்டோம். அன்று காலையில் மரைக்காயர் வந்தார்.

"எத்திராசு, உன் கயிறு சோக்காத்தான் கீது. ஆனா அது வேகம் புடிக்கிறதுக்குள்ள கூட்டம் வூட்டுக்குப் பூடுது. இன்னிக்கு ஓட்டிக்கோ. நாளையிலேந்து ரங்கன் சக்கரம். நீ அவன்கூட நின்னு கைப்பிடி சுத்து, இன்னா?"

சரி என்றேன். முதலாளி சொன்னால் சரி என்பதுதான். மூன்று தலைமுறையாக நாங்கள் அடுத்தவர் வலையை இழுத்து வளர்ந்தவர்கள். கூலிக்காரன் வாயில் இல்லை என்ற சொல்லுக்கு இடம் கிடையாது.

ரங்கன் அன்று மறுநாளைக்கான வேலையாகத் தன் சின்னச் சக்கரத்தைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது வலது கை விரல்கள் மூன்று உருளைக்கும் அதற்கும் நடுவே போய்விட்டன. எலும்பு போகவில்லை, சதை நசுங்கிவிட்டது. எல்லம்மா மஞ்சள் பத்துப் போட்டு, என் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிவிட்டாள். கட்டுப் போட்டதும் அந்தக் கை பனங்காய் மாதிரி ஆகிவிட்டது. எதையும் பிடிக்க முடியாது. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

வெயில் தாழ்ந்ததும் அவனிடம் போனேன்.

"டேய் ரங்கா. நாளைக்கு உன் சக்கரம். இன்னிக்கு ஒரே ஒரு தபா என் கயித்துல ஏறிப் பாரு."

"கை இப்புடிக் கீது. எத்தப் புடிக்கிறது?"

"என் கயித்துல சுத்துனா புடிக்கவே தேவல. அதத்தான் நீ பாக்கணும்."

"பாத்துட்டு?"

"குலுங்கலன்னா குலுங்கலன்னு சொல்லு. எல்லார் முன்னாலயும் சொல்லு. அவ்ளோதான்."

"குலுங்குச்சின்னா?"

"குலுங்குச்சின்னு சொல்லு."

"இதுக்கா மாமா இத்தினி நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருந்த?" என்றான். பிறகு குதிரை மேல் ஏறி உட்கார்ந்து, இடது கையால் அதன் பிடிக்கட்டையைப் பிடித்துக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. அவனைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது.

இப்போது துரை சம்பந்தப்பட்ட இடம். துபாஷி ஐயா, இதை அவசரப்படாமல் சொல்லுங்கள்.

கயிறு போட்டுச் சுற்றும்போது கனம் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஆளும் எதிர்ப்பக்கம் காலியுமாக இருந்தால் கம்பம் சாய்ந்து சுற்றும், கயிறு நழுவும். ரங்கன் நல்ல உடம்பு. அவனுக்கு நேர் எதிர் அன்னப்பறவையில் அதே கனத்துக்கு ஓர் ஆள் வேண்டும். கூட்டத்தைப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் எல்லாம் கருவாடு மாதிரி. மரைக்காயர் ரொம்பக் கனம். துரை, நீங்கள் பந்தலுக்குக் கீழே கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தீர்கள். மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தேன். அச்சு அசல் ரங்கன் கனம்.

மாலை போட்டு அழைத்தது கம்பெனிக்குச் செய்கிற மரியாதை என்று நீங்கள் நினைத்ததில் தப்பில்லை. மாலை என் யோசனைதான், அது வேலம்மாவின் தலையில் இருந்த பூ. உங்களைக் கொல்ல யாரோ சதி செய்தார்கள் என்று விசாரணையில் ஒரு பேச்சு வந்தது. அதைக் கேட்டு எனக்கு வருத்தமாக இருந்தது. உங்கள் மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் இரண்டு உப்பு மூட்டை கிடைத்திருந்தால் உங்களைத் தொந்தரவே செய்திருக்க மாட்டேன்.

இது பெரியவர்களுக்கான தனிச் சுற்று என்று சொல்லி மற்ற பொம்மைகளில் யாரையும் ஏற்றவில்லை. குழந்தைகள் அழுதன. அடுத்த சுற்றில் என்று சமாதானம் சொன்னேன். எனக்கும் மனசு இருக்கிறது.

தட்டிக்குப் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். அங்கிருந்து ராட்டினம் தெரியாது, சத்தம்தான் கேட்கும் என்று போன வாரம் சொன்னேன். தட்டியில் ஓர் ஓட்டை உண்டு. கண் வைக்கிற உயரத்தில். அதை நானே போட்டேன்.

முதல் சுற்றுகள் வழக்கம் போல மெதுவாக. ரங்கன் கூட்டத்தைப் பார்த்துக் கட்டுப் போட்ட கையை ஆட்டினான். எவனோ "கூழு கெட்டியா ரங்கா?" என்றான், சிரிப்பு. வேகம் கூடியது. பொம்மைகள் வெளிப்பக்கமாகச் சாய்ந்தன. எங்கும் ஒரு குலுங்கல் இல்லை, துரைக்கே தெரியும். ஏரித் தண்ணீரில் தோணி போகிற மாதிரி. நான் அவன் சொல்வான் என்று காத்திருந்தேன். ஒரு சொல்தான். அவன் சொல்லவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்னும் கொஞ்சம் வேகம் வைத்தேன். அவன் சிரிப்பு நின்றது. இடது கையை மாற்றிப் பிடித்தான். அதற்குப் பிறகுதான் கத்தினான்.

"மாமா, வுடு. வுடு மாமா."

இந்தச் சொல்லை வைத்துத்தான் போன வாரம் எல்லாம் முடிந்தது. துரை கேட்டார், அவன் என்ன கத்தினான் என்று. துபாஷி ஐயா சொன்னார், இன்னும் வேகமாக விடு என்று கேட்டான், அதனால் இவன் வேகமாகச் சுற்றினான் என்று. அவர் பொய் சொல்லவில்லை. அவர் காட்டூர்ப் பக்கத்து உழவுக் குடும்பம். திருவிழாவில், வண்டிப் பந்தயத்தில், ராட்டினத்தில் வுடு என்றால் அதுதான் அர்த்தம். ஓட்டு, பறக்க விடு.

எங்கள் கரையில் வேறு. பெருவலை இழுக்கும்போது இரண்டு பக்கமும் வரிசையாகக் கயிற்றைப் பிடித்துப் பின்னால் நடப்போம். எவன் கையாவது சிக்கிக்கொண்டால், எவன் காலிலாவது சுற்றிக்கொண்டால், அவன் ஒரே ஒரு சொல்தான் சொல்வான். வுடு. கயிற்றை விடு, இழுக்காதே, நான் மாட்டிக்கொண்டேன் என்று பொருள். அந்தச் சொல் காதில் விழுந்தால், யார் என்ன என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை விட்டுவிடுவோம். கை தானாக விடும். நடக்கப் பழகின நாளிலிருந்து எனக்கு அது பழக்கம். ரங்கனுக்கும் அப்படித்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கயிற்றில் முன்னும் பின்னுமாக நின்று இழுத்தவர்கள்.

கூட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அன்று வந்தவர்கள் பாதிப் பேர் கோட்டை வேலைக்காரர்களும் தறிக்காரர்களும். ரங்கன் குஷியில் கத்துகிறான் என்று நினைத்து அவர்களும் "வுடு, வுடு" என்று கை தட்டினார்கள். கடைசியில் துரையும் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு "ஊடு, ஊடு" என்று கத்தினார். உச்சரிப்பு பரவாயில்லை. துரை, அந்த இடத்தில் நீங்களும் சேர்ந்துதான் கேட்டீர்கள். இதை உங்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் கை தானாகத்தான் விடப் பார்த்தது. அதை நான் மறைக்கவில்லை. கைப்பிடியிலிருந்து விரல்கள் பிரிந்தன. மறுபடியும் நானே மூடிக்கொண்டேன். இன்னொரு கையையும் சேர்த்து வைத்தேன்.

நிறுத்த முடியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பற்றி ஒரு சொல். என் காலடியில் ஒரு கவைக்கட்டை இருந்தது. சக்கரத்தின் மேல் வைத்து அழுத்தினால் போதும், மூன்று சுற்றுக்குள் ராட்டினம் பூனை மாதிரி வந்து நிற்கும். கயிறு போட்ட நாளிலிருந்து அது அங்கேதான் கிடக்கிறது. மரைக்காயரைக் கேளுங்கள். நிறுத்தத் தெரியாமல் ஒரு சாமானைச் செய்கிற முட்டாள் இல்லை நான்.

பிறகு கை லேசானது. அங்கே நடப்பது இங்கே வராது என்று சொன்னேன் அல்லவா, அது ஒன்றுதான் வந்தது. கனம் குறைந்தால் கயிறு சொல்லிவிடும். ஓட்டை வழியாகப் பார்த்தேன். குதிரை காலியாக ஆடிக்கொண்டிருந்தது. திடல் ஓரத்துப் படித்துறைக் கருங்கல் பக்கம் ஆட்கள் ஓடினார்கள். ஒரு பக்கம் கனம் போனதால் கம்பம் சாய்ந்து, துரையின் அன்னம் பக்கத்து யானையில் மோதியது. சட்டென்று கட்டையை வைத்திருந்தால் கயிறு உருளையை விட்டுத் துள்ளியிருக்கும், அறுந்தும் போயிருக்கும். அதனால் இன்னும் இரண்டு சுற்று ஓடவிட்டு, நிதானமாகத்தான் நிறுத்தினேன். கயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லம்மா எங்கள் குப்பத்துப் பெண். சாவு வீட்டில் மற்றவர்கள் எல்லாம் மாரடித்துக்கொண்டிருந்தபோது அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வுடு வுடுன்னு கத்துனானாமே" என்றாள்.

"ஆமா."

"உனுக்குமா தெரியல?"

பந்தல் கயிறு தளர்ந்திருந்தது, எட்டி இழுத்துக் கட்டினேன். அவள் எழுந்து போனாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. அவளுக்காக நான் இங்கே வந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளிடமே சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன் என்றால், அங்கே கயிற்றைப் பற்றிப் பேச்சு வரவில்லை, இங்கே வந்திருக்கிறது. இன்று காலை மரைக்காயர் ஆள் அனுப்பினார். கயிற்றைச் சுருட்டிக் கொண்டு வா, கொளுத்தணும் என்று. ரங்கன் நினைவாக இனிமேல் அவன் சக்கரம்தானாம். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே கோட்டைக்குள் வந்துவிட்டேன். வாசலில் சிப்பாய் வாங்கி வைத்திருக்கிறான். ஈரத்தில் வைக்க வேண்டாம் என்று அவனுக்குச் சொல்லுங்கள்.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். கயிறு அறுந்துபோகவில்லை, நழுவவில்லை, நீளவில்லை. சொன்னபடி கேட்டது. ரங்கனால் பிடித்துக்கொள்ள முடியாது என்று எத்திராசுக்குத் தெரியும். வுடு என்றால் என்ன என்று எத்திராசுக்குத் தெரியும். கட்டை காலடியில் இருந்தது. கொன்றவன் எத்திராசு. தூக்கில் போடுவதானால் போடுங்கள், அது உங்கள் வேலை, நான் குறுக்கே வர மாட்டேன். கயிற்றை விட்டுவிடுங்கள். ராட்டினத்துக்கு அதைவிட நல்ல வழி இந்த ஏரியைச் சுற்றி இன்னும் எவனும் கண்டுபிடிக்கவில்லை.

கூழ் விஷயத்துக்காகத்தான் இதைச் செய்தேன் என்று வெளியே பேசுவார்கள். அவ்வளவு சின்னப் புத்தி எனக்குக் கிடையாது. அவன் வாயால் ஒரு சொல் வர வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். கடைசிவரை சொல்லவில்லையே என்று துரை கேட்கலாம். வாயைத் திறந்து சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் கடைசி இரண்டு சுற்றிலும் அந்தக் குதிரைப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டான் என்றுதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.